கப்பலேறாத அடிமைகள்

ஆப்பிரிக்கா என்று சொன்னாலே நம் தோழர்கள் பலருக்கு நெஞ்சு விம்மிவிடுகிறது. விம்மட்டும், தப்பில்லை. பூலே 1873ல் ‘குலாம்கிரி’ எழுதியபோது, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குத்தான் அதைக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946ல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கிளம்பியபோது அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் பெயர் வைத்துக்கொண்டார்கள். உறவு உறவுதான். ஆனால் அந்த உறவுக்காரன் வீட்டிலும் ஒரு திண்ணை இருக்கிறது, அதில் சிலர் உட்காரக்கூடாது என்றிருக்கிறது என்று சொன்னால் மட்டும் மூஞ்சி தொங்கிவிடுகிறது.

காம்பியாவுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போய்விட்டு வந்து, பார்த்ததை ஒரு கூட்டத்தில் சொன்னேன். முடிந்ததும் தோழர் ஒருவர் எழுந்தார். “ஏந் தோழர், இதெல்லாம் இப்பப் பேசணுமா? வெள்ளக்காரனுக்குத்தான் வசதியாப் போவும். ‘பாத்தியா, கறுப்பனே கறுப்பன அடிமையா வச்சிருந்தான்’னு சொல்லிட்டுப் போயிருவான்” என்றார். மாணவர்கள் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

காம்பியா, ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இருக்கிற நாடுகளிலேயே சிறியது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தளவு இருக்கும். 11,300 சதுர கிலோமீட்டர் சொச்சம், ஜனம் சுமார் 24 லட்சம். நடுவில் ஆறு, ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரு பட்டை நிலம், மேற்கே கடல், மற்ற மூன்று பக்கமும் செனகல். 1889ல் பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் உட்கார்ந்து போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பேசுகிற மாண்டிங்கா, வோலோப் மொழிகளைத்தான் அந்தப் பக்கமும் பேசுகிறார்கள். ஆபீஸ் பாஷை மட்டும் இங்கே இங்கிலீசு, அங்கே பிரெஞ்சு. 1965 பிப்ரவரி 18ல் சுதந்திரம். அதே 1965ல்தான் பெர்டில் ஹார்டிங் என்ற ஸ்வீடன்காரர் சுமார் 300 பேரை விமானத்தில் ஏற்றிவந்து கடற்கரையில் இறக்கினார். கொடி ஏறின வருஷமே கடற்கரைக் குடையும் ஏறிவிட்டது. இன்றைக்கு ஓட்டல்களுக்குப் போகிற பெரிய சாலைக்கு அந்த மனிதர் பெயர்தான். நாட்டுக்காகச் செத்தவன் பெயரைச் சந்துக்கு வைத்துவிட்டு, வாடிக்கையாளரைக் கூட்டிவந்தவன் பெயரை ரஸ்தாவுக்கு வைப்பது காம்பியாவில் மட்டும் நடக்கிற காரியமா என்ன?

டக்காரில் ஒரு கூட்டம். பிறப்பாலும் தொழிலாலும் இழிவுபடுத்தப்பட்டவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து பேசிய கூட்டம். அது முடிந்து கையில் ஒரு வாரம் இருந்தது, 2023 தொடக்கத்தில். பக்கத்து நாட்டைப் பார்த்துவிட்டு வருவோமே என்று ஏழு பேர் அடைந்துகொள்ளும் வாடகைக் காரில் ஏறினேன். கவோலாக் வழியாகத் தெற்கே போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் பெருக்கமரங்கள். நம் ராமநாதபுரம் பக்கம் ஒன்றிரண்டு இருக்கின்றன, பொந்தன்புளி என்பார்கள். பத்துப் பேர் கைகோத்து நின்றால்தான் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியும். சில மரங்களில் உள்ளே பொந்து. காரில் உடன் வந்த டக்கார் மாணவர் சொன்னார், “அந்தப் பொந்துக்குள்ளதான் எங்க பாட்டுக்காரங்கள வைப்பாங்க” என்று. எனக்குப் புரியவில்லை. வைப்பாங்கன்னா? பிணத்தை.

செரேர் மக்கள் வாழ்கிற பகுதி அது. பாட்டுப் பாடி, கொட்டடித்து, வம்சாவளி சொல்லிப் பிழைக்கிற சாதி அங்கே தனிச் சாதி. பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் கிரியோ. அரசன் பரம்பரை முழுவதும் அவன் நாக்கில்தான் இருக்கும். ஆனால் அவன் செத்தால் மண்ணில் புதைக்கக்கூடாது; மண் தீட்டாகிவிடும், மழை பெய்யாது, விளைச்சல் போய்விடும். ஆகவே பெருக்கமரப் பொந்து. 1960கள் வரைக்கும் இது நடந்திருக்கிறது. நமக்கு இது புதுசா? பாணன் பாட்டு வேண்டும், பாணன் வேண்டாம் என்று திருப்பாணாழ்வாரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியதைப் பக்திக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிற சனம் நாம். சாவுக்குப் பறை வேண்டும், அடிக்கிறவனுக்குச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. மாணவருக்கு இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பென்றால் சந்தோஷச் சிரிப்பில்லை. ஒரே நோய்க்காரன் ரெண்டு பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்தித்துக்கொள்வார்களே, அந்தச் சிரிப்பு.

எல்லை தாண்டியதும் பார்ரா. அங்கிருந்து வேன் பிடித்து ஜுஃபூரே. அலெக்ஸ் ஹேலி 1976ல் எழுதிய ‘வேர்கள்’ நாவலால் உலகத்துக்குத் தெரிந்த ஊர். 1767ல் குண்டா கிண்டே என்கிற பையன் மரம் வெட்டப் போனபோது பிடிபட்டான், கப்பலேற்றப்பட்டான் என்று ஹேலி எழுதிய ஊர். வேனிலிருந்து இறங்கியதும் பிள்ளைகள் “துபாப்! துபாப்!” என்று சுற்றிக்கொண்டார்கள். துபாப் என்றால் வெள்ளைக்காரன். என் நிறத்தைப் பார்த்துமா? காசு வைத்துக்கொண்டு ஊர் பார்க்க வருகிறவன் அங்கே துபாப்தான், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் ஊர் டீக்கடையில் தனிக் கிளாஸ் எடுத்து வைத்த அதே உடம்பு ஆறு மணி நேர ரோட்டுப் பயணத்தில் வெள்ளைக்கார உடம்பாகிவிட்டது!

ஊர்த்தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்லிக் காணிக்கை வைக்க வேண்டும். கிண்டே குடும்பத்தாரைப் பார்க்கலாம். வந்துபோனதற்குச் சான்றிதழ் தருகிறார்கள். அருங்காட்சியகத்தில் கழுத்துச் சங்கிலி, கால் விலங்கு, கப்பல் படம். அல்பிரெடா படகுத்துறையிலிருந்து ஆற்றுக்கு நடுவே தீவுக்குப் போகலாம். 1651ல் கூர்லாந்துக்காரன், இன்றைய லாட்வியாவின் ஒரு பகுதியை ஆண்ட சிற்றரசன், அங்கே கோட்டை கட்டினான். 1661ல் இங்கிலீஷ்காரன் பிடுங்கி, யார்க் கோமகன் ஜேம்ஸ் பெயரை வைத்தான். பிற்பாடு இரண்டாம் ஜேம்ஸ் மன்னனான அதே ஆசாமி. ஆள் பிடித்து விற்ற ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனிக்குத் தலைவன். 2003ல் உலகப் பாரம்பரியச் சின்னம், 2011ல் குண்டா கிண்டே தீவு என்று பெயர் மாற்றம். அலை அரித்து அரித்து இப்போது தீவு ஒரு களத்துமேடு அளவுக்குச் சுருங்கிவிட்டது. எங்கள் படகில் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின அம்மா ஒருவர் இருந்தார். இடிந்த சுவரில் கை வைத்துக்கொண்டு அழுதார். நெடுநேரம் அழுதார். எனக்கும் தொண்டை அடைத்தது. அட்லாண்டிக்கைத் தாண்டக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் ஒண்ணேகால் கோடிப் பேர். அந்த அழுகையைக் கேலி செய்கிறவன் மனுஷன் இல்லை.

என் சண்டை அழுகையோடு இல்லை, அழுகைக்கு வேலி கட்டுகிறவர்களோடு. ஜுஃபூரேயில் காட்டப்படுகிற அடிமைத்தனம் கப்பலோடு தொடங்கி, கப்பல் நின்றதோடு முடிகிறது. பிடித்தவன் வெளியாள், போன இடம் வெளிநாடு, நிறுத்தியவனும் வெளியாள். உள்ளூரில் மிச்சம் எதுவும் இல்லை. வழிகாட்டியிடம் கேட்டேன்: “போனவங்க கதை சொன்னீங்க. போகாம இங்கயே அடிமையா இருந்தவங்க?” அவர் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். “அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எல்லாரும் ஒண்ணுதான்” என்றார். அப்புறம் படகு கரைக்கு வரும்போது, யாரும் கேட்காமல் அவராகவே சொன்னார்: “ஆனா யாரு யாருன்னு எல்லாருக்கும் தெரியும். பேசமாட்டோம்.”

யாரு யாருன்னு தெரியும். இந்தியாவில் எந்த ஊரில் எந்த மனுஷனும் வந்த அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்ளத் துடிக்கிற விஷயம் அதுதானே.

மாண்டிங்கா சமூகத்தில் மூன்று அடுக்கு. மேலே ஃபோரோ, சுதந்திரமாய்ப் பிறந்தவர்கள். நடுவே ந்யாமாலோ: கொல்லர், தோல் வேலை செய்கிறவர், பாட்டுக்காரர். கீழே ஜோங், அடிமைகள். வோலோப்பில் வேறு பெயர், செராஹுலேயில் வேறு பெயர், படிக்கட்டு ஒன்றுதான். பாட்டுக்காரருக்கு மாண்டிங்காவில் ‘ஜாலி’ என்று பெயர். நம்ம ஊர் ஜாலி இல்லை. ஹேலிக்கு ஜுஃபூரேயில் குண்டா கிண்டேயின் கதையைச் சொன்னவர் ஜாலி என்றே உலகத்துக்கு அறிமுகமானார்; அவர் முறையான ஜாலியே அல்ல என்று 1977லேயே லண்டன் பத்திரிகையாளர் ஒருவர் விசாரித்து எழுதினார். அவர் ஜாலியா இல்லையா என்று உலகமே விவாதித்தது. ஜாலி வீட்டில் ஃபோரோ ஏன் பெண் கொடுப்பதில்லை என்று யார் விவாதித்தார்கள்?

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைக்காரனுக்கு வசதியாகப் போகுமா?

போகாது. வெள்ளைக்காரனுக்கு வசதி, நாம் கப்பலை மட்டும் பேசுவதில்தான். கப்பலை நிறுத்தியவன் நான்தான் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான். 1807ல் பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடை செய்தது. 1816ல் ஆற்றின் வாயில் பாதர்ஸ்ட் என்ற ஊரைக் கட்டியதே அடிமைக் கப்பல்களை மறிக்கத்தான். அதுதான் இன்றைய தலைநகரம் பாஞ்சூல். 1973ல்தான் பெயர் மாறியது. நல்லது. ஆனால் ஆற்றங்கரை ஊர்களில் அடிமையாய் இருந்தவனை என்ன செய்தான்? 1894ல் ஒரு சட்டம் போட்டு ஆள் வாங்கி விற்பதைத் தடுத்தான். இருக்கிற அடிமை அப்படியே இருக்கட்டும் என்று விட்டான். உள்நாட்டுப் பகுதியில் அடிமை நிலை சட்டப்படி ஒழிந்தது 1930ல். கடலில் போகிற அடிமையைத் தடுத்ததற்கும் கரையில் நிற்கிற அடிமையை விடுவித்ததற்கும் நடுவில் 123 வருஷம்.

ஏன் அவ்வளவு தாமதம்? மல்லாட்டை. 1830களிலிருந்து காம்பியாவிலிருந்து மல்லாட்டை கப்பலேறத் தொடங்கியது. ஐரோப்பாவில் சோப்புக்கு எண்ணெய் வேண்டும், எந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும். ஆளை ஏற்றுவது பாவம் என்றான பிறகு, ஆளைக் கரையிலேயே வைத்து மல்லாட்டை பயிரிடவைத்து அதை ஏற்றினார்கள். ஊர்ப் பெரிய வீடுகள் மேலும் ஆள் சேர்த்தன. ‘நேர்மையான வியாபாரம்’ என்று அதற்குப் பெயர்! எங்கள் தென்னாற்காட்டு மல்லாட்டையும் புதுச்சேரி வழியாக மார்செய்க்குத்தான் போனது. அதை ஆய்ந்த கை எந்தத் தெருக் கை என்று மார்செய்க்காரனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ஆக உள்ளூர் ஆண்டையும் வெள்ளைக்காரக் கம்பெனியும் எதிரெதிர் ஆட்கள் இல்லை, பங்காளிகள். ஒருத்தனைப் பேசினால் இன்னொருத்தன் தப்பிவிடுவான் என்பது என்ன கணக்கு? பங்காளி வழக்கில் ஒருவன் பெயரை மட்டும் எழுதினால்தான் மற்றவன் தப்பிப்பான்.

நம் கதையும் அச்சு அசல் இதுதான். 1833ல் பிரிட்டிஷ் பேரரசு முழுக்க அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நிலத்துக்கும் இலங்கைக்கும் மட்டும் அதிலேயே விலக்கு. 1843ல் வந்த சட்டம், அடிமை மீதான உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்று மட்டும் சொன்னது. அடிமைக்கு ஒரு காணி நிலம் கொடுக்கவில்லை. தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பள்ளனும் பறையனும், அடிமை ஓலை செல்லாமல் போன மறுநாளும் அதே பண்ணையில்தான் படியாளாக நின்றான். ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. 1892ல் பஞ்சமி நிலம் என்று காகிதத்தில் வந்தது. நாம் கப்பலேறாத அடிமைகள். ஏறியவர்கள் மொரிஷியசுக்கும் மலைத்தோட்டத்துக்கும் போனார்கள். அவர்கள் பேரில் பாட்டாவது இருக்கிறது. ஏறாதவனுக்குக் களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லுக்குப் பெயர் என்ன தெரியுமா மாணவத் தோழர்களே? ‘சுதந்திரம்’. கூலிக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த நாட்டில் பிறந்தவர்களுக்குக் காம்பியா எப்படிப் புரியாமல் போகும்?

சாதியைப் பேசினால் வெள்ளைக்காரனுக்கு லாபம் என்பது புதுசும் இல்லை. வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரைக் காங்கிரசுக்காரன் இதே வார்த்தையால்தான் அடித்தான். 2001ல் டர்பன் மாநாட்டில் நம் ஆட்கள் நின்றபோது இந்திய அரசாங்கம் அடித்ததும் இதே வார்த்தையால்தான்: சாதி எங்கள் வீட்டு விவகாரம், உலகம் தலையிடக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், அங்கே நமக்குப் பக்கபலமாகப் பயன்பட்ட வாதமே ஆப்பிரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்ததுதான். சாதி மாதிரியான பரம்பரை இழிவு இந்தியாவில் மட்டும் இல்லை, செனகலில் இருக்கிறது, மாலியில் இருக்கிறது, ஜப்பானின் புராக்கு மக்களிடம் இருக்கிறது என்று காட்டித்தான் ‘தொழிலும் பிறப்பும் சார்ந்த பாகுபாடு’ என்ற சொல்லே ஐ.நா. வாசலில் நுழைந்தது. 2002ல் இன ஒதுக்கலுக்கு எதிரான ஐ.நா. குழு, வம்சம் என்பதில் சாதியும் அதுபோன்ற பிறப்புவழி அடுக்குகளும் அடங்கும் என்று எழுதிவைத்தது. அவன் காயத்தைக் காட்டி நாம் வாசலுக்குள் நுழைந்துவிட்டு, இப்போது ‘உன் காயத்தைப் பேசாதே, அழகாய் இல்லை’ என்கிறோம்.

பாஞ்சூலைத் தாண்டிக் கொலோலி கடற்கரை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாக் கடற்கரை ஓட்டலும் ஒரே மாதிரிதான். சாய்வு நாற்காலியில் குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஐரோப்பியப் பெரியவர்கள், சுவருக்கு இந்தப்பக்கம் வேலை தேடி நிற்கிற பையன்கள். அந்தப் பையன்களுக்கு ‘பம்ஸ்டர்’ என்று ஒரு இழிபெயர். 2019 செப்டம்பரில் லண்டனில் தாமஸ் குக் கம்பெனி திவாலானபோது இங்கே பலர் வீட்டு அடுப்பு அணைந்தது. லண்டனில் தும்மினால் இவனுக்குக் காய்ச்சல். பையன்களின் பேச்செல்லாம் ‘பேக்வே’ பற்றித்தான்: சகாராவைக் கடந்து, லிபியா போய், மத்தியதரைக் கடலில் ரப்பர் படகு. அதுவும் கப்பல்தான், அதற்குச் சான்றிதழ் தருகிற அருங்காட்சியகம் இன்னும் கட்டவில்லை.

காய்கறிக் கடையில் ஒரு அம்மா எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். ஷாருக்கான் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அங்கே இந்தி சினிமா பார்க்காத வீடில்லை. அவர் சொன்னது: “சிரப்.” அவ்வளவுதான். 2022ல் அரியானாவில் தயாரான இருமல் மருந்தைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து சுமார் 70 குழந்தைகள் செத்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. அக்டோபர் 5ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. எங்கள் பரிசோதனையில் மருந்து சுத்தமாகத்தான் இருக்கிறது என்று டில்லி டிசம்பரில் சொல்லிவிட்டது. 2025ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகளைக் கொன்றபோது எனக்கு அந்த அம்மாவின் ஒற்றை வார்த்தைதான் காதில் கேட்டது. நான் இந்தியன் இல்லம்மா, இந்தியா என்னை ஊருக்கு வெளியே வைத்திருக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அது தப்பித்துக்கொள்கிற பேச்சு. நின்று கேட்டுக்கொண்டேன்.

சுற்றுலாப் பயணிகள் ஆற்றோடு கிழக்கே ரொம்ப தூரம் போவதில்லை. போனாலும் பறவை பார்க்கத்தான். நான் பஸ்ஸே வரைக்கும் போனேன். பாஞ்சூலிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம். டக்கார் கூட்டத்தில் பழக்கமான ஒருவர் தன் சொந்தக்காரர் வீட்டு முகவரி கொடுத்திருந்தார். அந்த வட்டாரத்தில் செராஹுலே மக்கள் அதிகம். வியாபாரிகள், வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர்கள். இந்த வீட்டுக்காரரும் ஸ்பெயினில் பதினான்கு வருஷம் பழத்தோட்டத்தில் வேலை பார்த்துச் சிமெண்டு வீடு கட்டியிருந்தார். மாடி வீடு. ஆனாலும் அவர் ‘கோமே’. அடிமை வம்சம். தாத்தாவின் தாத்தா காலத்தில் யாரோ யாரையோ வாங்கினார்கள். அது இன்னும் இவர் நெற்றியில் இருக்கிறது.

அத்தாயா என்ற கசப்புத் தேநீரை மூன்று தடவை கொதிக்கவைத்து ஊற்றிக்கொண்டே சொன்னார். கல்யாணம் என்றால் மேல்வீட்டார் கூப்பிட்டனுப்புவார்கள். ஆடு அறுக்கவும் சமைக்கவும் விறகு சுமக்கவும் இவர்கள் போக வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்த மறுநாளே இவர் மனைவியை அண்டா கழுவக் கூப்பிட்டார்கள். ஊர்த்தலைவராக முடியாது. பெண் கொடுக்க எடுக்க முடியாது. குர்ஆனைக் கரைத்துக் குடித்திருந்தாலும் ஊர்ப் பள்ளிவாசலில் முன்நின்று தொழுகை நடத்த முடியாது. “வேல செஞ்சா அரிசி, இறைச்சி, துணி எல்லாம் குடுப்பாங்களே, அன்பாத்தானே நடத்துறாங்கன்னு எங்க பெரியவங்களே சொல்லுவாங்க” என்றார். களத்துமேட்டுச் ‘சுதந்திரம்’ பற்றிச் சொன்னேன். தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

2016–17 வாக்கில் பிரான்சில் வேலை செய்கிற சோனின்கே ஆட்கள் வாட்ஸப்பில் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். செராஹுலேயும் சோனின்கேயும் ஒரே சனம்தான். இயக்கத்தின் பெயரை இவர்கள் சுருக்கமாக ‘கம்பானா’ என்கிறார்கள். நாம் எல்லோரும் சமம் என்று அர்த்தம். இனி அடிமை என்ற சொல்லை ஏற்கமாட்டோம், கூப்பிட்டால் போகமாட்டோம். இவ்வளவுதான் கோரிக்கை. ஒரு ஏக்கர் நிலம்கூடக் கேட்கவில்லை. பதிலுக்கு வந்தது ஊர்விலக்கு. கடையில் சாமான் கிடையாது, பாட்டன் உழுத நிலம் திருப்பி எடுக்கப்பட்டது, பேசினவனுக்கு அபராதம். சில ஊர்களில் இவர்கள் தனியாகப் பள்ளிவாசல் கட்டிக்கொண்டார்கள், அதற்கும் தகராறு. எல்லைக்கு அப்பால் மாலியின் காய் வட்டாரத்தில் 2020 செப்டம்பரில் இந்த இயக்கத்துக்காரர்கள் நாலு பேரை அடித்தே கொன்றார்கள். மேலவளவில் 1997ல் ஆறு பேரை வெட்டியது எதற்கு? ஒருத்தர் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதற்கு. அங்கே நாற்காலிகூட இல்லை, ஒரு ‘மாட்டேன்’தான்.

இங்கே இன்னொரு சாரார் எழுந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இது சாதி இல்லை தோழர், இதில் மனு எங்கே, புருஷ சூக்தம் எங்கே, பார்ப்பான் எங்கே என்று. சரி, பெயரை நீங்களே வையுங்கள். நான் மனுவை விடுதலை செய்யச் சொல்லவில்லை. காம்பியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முஸ்லிம்கள். அடிமையாயிருந்த பிலாலை ஏற்றிப் பாங்கு சொல்லவைத்த மதம் அது. அந்த மதத்துக்குள்ளேயே, அடிமை வம்சத்துக்காரன் பின்னால் நின்று தொழமாட்டேன் என்கிறான் ஒருத்தன். குர்ஆனில் அதற்கு ஒரு வரி ஆதாரம் கிடையாது. ஆதாரமே இல்லாமலும் இது உயிரோடு இருக்கும் என்பதுதான் விஷயம். நிலம் யாரிடம், பெண் யாருக்கு, பிணம் எங்கே என்ற மூன்றையும் கையில் வைத்திருக்கிறவனுக்கு வேதம் கிடைத்தால் வேதம், இல்லாவிட்டால் வழக்கம். 1981ல் மீனாட்சிபுரம் மதம் மாறியது சரியான காரியம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மாறிய அன்றோடு வேலை முடிந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பஸ்ஸேக்காரரிடம் கேட்டேன். அவரிடம் 1997 அரசியல் சட்டத்தின் ஒரு பிரதி, பக்கங்கள் மடிந்து, கோடு போட்டு இருந்தது. 20ஆம் பிரிவு அடிமைத்தனம் கூடாது என்கிறது. 33ஆம் பிரிவு இனம், நிறம், பாலினம், சமூகத் தோற்றம், பிறப்பு என எதனாலும் பாகுபாடு கூடாது என்கிறது. பிரமாதம். அடுத்த உட்பிரிவிலேயே விலக்கு: தத்து, திருமணம், மணவிலக்கு, அடக்கம், சொத்து வாரிசுரிமை பற்றிய சட்டங்களுக்கு இது பொருந்தாது. திருமணமும் அடக்கமும்! பிறப்பை வைத்து மனுஷனைப் பிரிக்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? ஓட்டுப்பெட்டியில் சமத்துவம், படுக்கையிலும் பிணக்குழியிலும் வழக்கம். நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டுச் சாதியை விட்டுவைத்ததே, அதை அவருக்கு விளக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். கட்டாய வேலை வாங்கினால் குற்றம், நிலத்தைப் பறித்தால் குற்றம், 2015 திருத்தத்துக்குப் பிறகு ஊர்விலக்கு வைத்தாலும் குற்றம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஊர்விலக்கு என்ற இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு காகிதம் எங்களுக்கு வேண்டும், இங்கிலீஷ் பிரதி அனுப்புங்கள், எங்கள் வக்கீலிடம் கொடுத்து மாதிரி எழுதவைக்கிறோம் என்றார். வெண்மணியில் 44 பேர் எரிந்ததற்கு 1973ல் ஐகோர்ட்டு ஆண்டைகளை விடுதலை செய்த கதையையும் சேர்த்துத்தான் சொன்னேன். அப்போது இந்தச் சட்டம் இல்லை, வந்த பிறகும் எல்லாம் மாறிவிடவில்லை என்றும் சொன்னேன். “காகிதமாவது இருக்கே” என்றார்.

ஊர் திரும்பி அனுப்பிவைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சட்டத்தை முழுக்கப் படித்திருக்கிறார், வக்கீலும் படித்திருக்கிறார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: இதன்படி புகாரை வாங்கி எழுதுகிற போலீஸ்காரர் யார் வீட்டுப் பிள்ளை? பதில் எழுத உட்கார்ந்தேன். கொடியங்குளம், 1995 ஆகஸ்ட் 31 என்று ஆரம்பித்தது, பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது.